பூச்சியம் விழுந்த கிழமை

தொற்றுநோய்த் தரவுகளைக் கணினியில் ஆராய, தேயிலைத் தோட்டத்திலிருந்து படிக்க வந்த எங்களுக்குக் கண்டியில் தனிப் பயிற்சி நடந்தது. ஒருநாள், யாழ்ப்பாணத்து விரிவுரையாளர் எங்கள் மடுல்கெல்லப் பக்கத்து டெங்கு வரைபைத் திரையில் காட்டினார். மேலே ஏறிக்கொண்டிருந்த கோடு ஒரு கிழமை, ஏழு நாள் மட்டும், அடியில் பூச்சியத்தில் கிடந்தது.

“அந்தக் கிழமை ஒருத்தருக்கும் காய்ச்சல் இல்லை, பாருங்கோ.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “மண்ணு சரிஞ்சு ரோடு மூடிக் கெடந்துச்சு சேர். யாருமே ஆஸ்பத்திரிக்குப் போக முடியல.”

அவர் விசைப்பலகையை என் பக்கம் தள்ளினார். “அப்ப பூச்சியம் பிழை. வெறுமையா விடுங்கோ” என்றார்.

பூச்சியத்தை அழித்தேன். வெறுமையும் பிழைதான். அங்கே குறைந்தது ஒன்று என்று வரவேண்டும். அந்தக் கிழமைதான் லயத்துக் காம்பராவில், எங்கள் ஒற்றை அறை வீட்டில், காய்ச்சலோடு கிடந்த என் தங்கை கண்ணை மூடினாள்.