இரண்டாவது சூடு

என் அக்கா புருஷன் தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவர். ஞாயிறானால் பின்கொட்டகையில் வீடியோ பார்த்துக் கத்தி அடிப்பார். ஆறு கத்திகள், பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கும்போதே விரிசல் விட்டன. ஏழாவது தப்பியது. அன்று அக்காவின் ஓவனை இரண்டு மணி நேரத்துக்குக் கேட்டார்.

"கேக் சுடுற ஓவன்ல இரும்பா? ஆளை விடுங்க!" என்றாள்.

எதற்கென்று அந்த மகான் வாயைத் திறக்கவில்லை. முறுக்கிக்கொண்டு போனார். கத்திக்குப் பிடி போட்டு, பளபளவென்று தீட்டி, அவள் பிறந்தநாளுக்குக் கொடுத்தார்.

பூசணிக்காயில் சிக்கிய அந்தக் கத்தியை அக்கா லேசாகத் திருப்பினாள். முனை உடைந்து தெறித்தது. இடது கண் போயிற்று.

"மட்டமான இரும்பு, கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று மாமா ஆஸ்பத்திரி முழுக்கப் புலம்பினார்.

நேற்று அவர் போனில் அதே வீடியோவைப் பார்த்தேன். எண்ணெயில் முக்கியெடுத்த கத்தி கண்ணாடி மாதிரி உடையும், ஓவனில் மிதமான சூட்டில் இரண்டு மணி நேரம் மறுபடி வைக்காமல் யாருக்கும் கொடுக்காதே என்று அதில் மூன்று முறை சொல்கிறார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. அவர் எதிரிலேயே அக்காவிடம் போட்டு உடைத்தேன்.

அக்கா யோசித்தாள்.

"நான்தானேடா ஓவன் தர மாட்டேன்னேன்."

மாமா எட்டாவது கத்திக்குப் பிடி இழைத்துக்கொண்டிருந்தார். இல்லை என்று அவர் சொல்லவில்லை.