அப்பாவின் மைக்கும் என் ஓட்டமும்

எங்கள் குட்டித் தீவு தனி நாடாகப் பிரிந்த புதுசு. எல்லாரும் ஓடுங்கள், குதியுங்கள், உடம்பைத் தேற்றுங்கள் என்று வானொலியில் காலையிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் அதற்கும் மேலே ஒரு வானொலி இருந்தது. என் அப்பா! துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை. சாயங்காலமானால் சமூக மன்றத்தில் செயற்குழு. மைக் கையில் கிடைத்துவிட்டால் போதும், “பெண்களும் முன்வர வேண்டும்! அடுப்படியே கதி என்று கிடந்தால் நாடு எப்படி உருப்படும்?” என்று முழங்குவார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும். முன்வரிசையில் உட்கார்ந்து நானும் கை வலிக்கத் தட்டியிருக்கிறேன். அசடு!

அப்போது எனக்குப் பதிமூன்று வயது. பீற்றிக்கொள்ளவில்லை, பள்ளியில் என்னை முந்த ஆளில்லை. சமூக மன்றம் எல்லாருக்குமாக நடத்தவிருந்த தெரு ஓட்டத்துக்கு, உடற்பயிற்சி ஆசிரியை முதலில் தேர்ந்தெடுத்தது என்னைத்தான். பள்ளி விட்டதும் ஃபேரர் பார்க் திடலில் பயிற்சி. மூச்சு முட்ட, முகமெல்லாம் எரிய, கடைசிச் சுற்றில் எல்லாரையும் தாண்டும்போது வரும் சந்தோஷம் இருக்கிறதே, அது எனக்குக் கல்யாணத்தில்கூட வரவில்லை.

ஓட்டத்துக்குச் சில வாரம் இருக்கும்போது வயசுக்கு வந்தேன். அவ்வளவுதான். சிராங்கூன் ரோட்டு மாடி வீட்டின் பின்னறையில் உட்கார வைத்துவிட்டார்கள். தனித் தட்டு, தனிப் பாய். காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், மத்தியானம் உளுந்தங்களி. “முழுங்குடி, இடுப்புக்குப் பலம்” என்று அத்தை வாயைப் பிடித்து ஊற்றுவாள். என் உடம்பின் மேல் ஆளாளுக்கு அப்படி ஓர் அக்கறை! அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய ஆசைப்படுகிறேன் என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.

நான் பள்ளிக்கு வராததைப் பார்த்து, சடங்கன்று ஆசிரியை தேடிக்கொண்டு வந்துவிட்டார். சீனப் பெண்மணி. பட்டுப்புடவையும் மாலையுமாக நான் மணையில் உட்கார்ந்திருக்க, எதிரே வரிசைத் தட்டுகள். எனக்குக் கல்யாணம் செய்கிறார்கள் என்றே நினைத்துவிட்டார் பாவம். சின்னப் பெண்ணைப் போய் இப்படியா என்று ஆங்கிலத்தில் சத்தம் போட்டார். அப்பா சிரித்துக்கொண்டே, இது கல்யாணமில்லை, எங்கள் வழக்கம் என்று விளக்கிக் கையில் லட்டை வைத்தார். அசடு வழிய மன்னிப்புக் கேட்ட ஆசிரியை, “அப்படியானால் பயிற்சிக்கு வருவாள்தானே?” என்றார்.

“பார்க்கலாம்” என்றார் அப்பா. அவருடைய ‘பார்க்கலாம்’ எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

விருந்தாளிகள் போனதும் கேட்டேன். “ஓடப் போகட்டுமாப்பா?”

“அரைக்கால் சட்டை போட்டுக்கிட்டா? தெருவே பார்க்கவா? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?”

“நீங்கதானேப்பா மைக்குல சொன்னீங்க…”

“அது பொதுவாச் சொல்றது.”

“முழுக்கால் சட்டை தைச்சுக் குடுக்கறேங்க” என்று அம்மா இழுத்தாள்.

“நீ சும்மா இரு” என்றார். சும்மா இருந்துவிட்டாள். அவள் மேல் எனக்கு இன்றுவரை ஆத்திரம் தீரவில்லை.

ஓட்டம் எங்கள் வீட்டு வழியாகத்தான் போனது. மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். வெள்ளை அரைக்கால் சட்டையும் காலில் புதுச் சப்பாத்துமாக, தொந்தி குலுங்க, அப்பா முன்னால் ஓடினார். கொஞ்சம் பின்னால் சீனப் பெண்கள், மலாய்ப் பெண்கள். ஒருநாளும் என்னை முந்தாத என் வகுப்புத் தோழி என் இடத்தில் ஓடினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன்.

வியர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வந்த அப்பா, நாற்காலியில் சாய்ந்து, “விசிறிவிடும்மா” என்றார். விசிறினேன். கண்ணை மூடிக்கொண்டு, நிஜமாகவே மனம் நொந்து சொன்னார்:

“எல்லா இனத்துலயும் பொண்ணுங்க வந்திருந்தாங்க. நம்ம இனத்துல ஒண்ணுகூட வரல. நம்ம ஆளுங்க திருந்தவே மாட்டாங்க.”