சக்கரவர்த்தி படத்தில் ஒரு குங்குமப் பொட்டு

எங்கள் வீட்டுச் சுவரில் சாமி படம் கிடையாது. அப்பா கோட்டைப் பக்கத்து அக்ரஹாரத்தில் பிறந்தவர்; அம்மா பாறசாலையைத் தாண்டிய ஒரு சபையில் ஞானஸ்நானம் பெற்றவள். கல்யாணத்தின்போது செய்த உடன்படிக்கை அது: உன் சாமியும் வேண்டாம், என் சாமியும் வேண்டாம். எனக்கு ஒன்பது வயதாகும்வரை கூடத்துச் சுவரில் பல்லிகள்தான் குடியிருந்தன. இரண்டு பக்கத்து உறவும் எங்கள் வாசலை மிதித்ததில்லை. அந்த விஷயத்தில் மட்டும் இரண்டு மதத்துக்கும் அப்படியொரு ஒற்றுமை!

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், பாளையத்தில் நடைபாதைக் கடையிலிருந்து அப்பா ஒரு பழைய வெளிநாட்டுக் காலண்டர் தாள் வாங்கி வந்தார். பிரெஞ்சுக்காரர் ஒருவர் வரைந்த பெரிய ஓவியம். உயரமான சிம்மாசனத்தில் ரோமச் சக்கரவர்த்தி. படிக்கட்டெல்லாம் பல தேசத்து ஜனங்கள். அடியில், யாரோ போகிறபோக்கில் வைத்துவிட்டுப் போனது மாதிரி, ஒரு பச்சைக் குழந்தை. இரு பக்கமும் மண்டியிட்ட தாயும் தகப்பனும், பின்னால் சிறகு விரித்த தேவதூதன். “சரித்திரப் படம்தானே” என்று சொல்லி, சாலைக் கடைத்தெருவில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார் அப்பா. அதன்பின் கூடத்தில் அந்தப் படத்தடியைப் பெருக்க அம்மாவுக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

அந்த டிசம்பரில் தாத்தா, அதாவது அம்மாவின் அப்பா, கிறிஸ்மஸ் ஆராதனை முடிந்து வருவதாக ஆள் மூலம் சொல்லியனுப்பினார். முதல் தடவை. அம்மா ஜன்னல் கம்பிகளைக்கூடத் துடைத்தாள். அவர் வருவாரா, வந்தால் உட்காருவாரா என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் திருவாதிரை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், அப்பாவின் அக்கா தூக்குப் பாத்திரத்தோடு நிற்கிறாள். என் அத்தையை நான் அதுவரை தெருவில்தான் பார்த்திருக்கிறேன்.

“கொழந்தைக்குக் களி கொண்டுவந்தேன். சூடா இருக்கு” என்றாள், தினமும் வந்து போகிறவள் போல.

நாள் கிழமையில் படங்களுக்குப் பொட்டு வைத்துப் பழகிய கை. பூஜை அலமாரியைத் தேடினாள். கிடைத்தது இந்த ஒரு படம்.

“யாருடா இந்த ராஜா? பட்டாபிஷேகமா?”

“சாமி இல்லேக்கா. ரோமாபுரி சக்கரவர்த்தி.”

“அப்போ கீழே கொழந்தை?”

அடுக்களை வாசலிலிருந்து அம்மா சொன்னாள்: “அது எங்க ஏசுவாக்கும், அக்கா.”

அத்தை படத்தின் அருகே போனாள். “இத்தனை கூட்டத்துல ஒருத்தராவது கொழந்தையைத் திரும்பிப் பாக்கறாளா பாரு. நெத்தி வேற பாழா இருக்கு!” என்றவள், இடுப்பில் செருகியிருந்த குங்குமப் பொட்டலத்தைப் பிரித்து, விரலைத் தண்ணீரில் தொட்டு, கண்ணாடியில் குழந்தையின் நெற்றிக்கு நேராக வைத்தாள். அவள் விரல் பெரியது, குழந்தை சிறியது. முகம் முழுக்கச் சிவந்துவிட்டது.

அவள் போனதும் அப்பாவுக்கு மறுநாள் ஞாபகம் வந்தது. தாத்தா சபைக் கமிட்டிக்காரர். சாமி படமே ஆகாது என்பவர். படத்துக்குப் பொட்டு வேறா! அப்பா ஈரத் துணியோடு வந்தார்.

அம்மா குறுக்கே நின்றாள். “தொடாதீங்கோ. இந்த வீட்டுக்கு முதல்ல வந்தது அவியளாக்கும். அவிய வச்சது இருக்கட்டு.”

“உங்கப்பா அப்படியே திரும்பிப் போயிட்டா?”

“போனா போட்டு” என்றாள். சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய் அழுதாள். எனக்கு அத்தைமேல் கோபம் கோபமாக வந்தது.

மறுநாள் தாத்தா வெள்ளை வேட்டியும் கேக் பெட்டியுமாக வந்தார். உள்ளே நுழைந்ததும் கண் படத்தில்தான் போய் நின்றது. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“ஆராக்கும் இதுல பொட்டு வச்சது?”

“அவிய அக்கா” என்றாள் அம்மா.

“அவ இஞ்ச வந்தாளா?”

“நேத்து வந்தாவ. பிள்ளைக்குக் களி கொண்டு வந்தாவ.”

தாத்தா நிமிர்ந்தார். கேக் பெட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“உன்னைப் பெத்தவன் நான். எனக்கு முந்தி அவ வந்துட்டாளே மக்ளே” என்றார்.

அம்மா அவர் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

“நீங்களும் வந்துட்டியல்லா அப்பா. இருங்க.”

அவர் உட்கார்ந்தார்.