மாத்திரை விழுங்கிச் சூரை தின்ற தொம்மை அண்ணாச்சி

போன செவ்வாய்க்கிழமை காலை ஊசி வரிசையில் முதலில் நின்ற பெரியவர், கையை நீட்டாமல், "சிஸ்டர், நம்ம தொம்மை கம்பவுண்டர் விடியக்காலம் போயிட்டாராம்லா" என்றார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இப்படியா ஒரு செய்தியைச் சொல்வார்கள்! வரிசை முடியும்வரை ஊசி போட்டேன். முடிந்ததும் மருந்தறைக்குள் போய் அழுதேன்.

தூத்துக்குடியில் எங்கள் காசநோய் மருத்துவமனையில் மாத்திரை வாங்கியவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவர் மாத்திரை கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்து மேசையில் ஒன்பது வருடம் நான் நர்ஸாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை தவிர நாங்கள் சண்டை போடாத நாள் கிடையாது. நான் ஏரல் பக்கத்து வயல்காட்டுக்காரி, நோயாளிகளிடம் கத்துவேன். அவர் கடற்கரைக்காரர், "என்னத்துக்கு சிஸ்டர் தொண்டத்தண்ணி வத்தக் கத்துதிய?" என்று சிரிப்பார். மாத்திரையை நீட்டும்போது எல்லோரிடமும் ஒன்றையே சொல்வார்: "வெறும் வயித்துல போடாதிய. நல்லா மீனு தின்னுங்க. அப்பதான் ஒடம்பு தேறும்."

அந்தப் பேச்சுதான் வம்பாகிப்போனது.

புன்னைக்காயலில் சவேரி என்று ஒருவர், மீன்பிடிக்கப் போகிறவர். நோயினால் கடலுக்குப் போக முடியாமல் வீட்டில் கிடந்தார். சில மாதம் மாத்திரை தின்று இருமல் குறைந்திருந்த நேரத்தில், அவர் மனைவி செல்வி மாத்திரைப் பொட்டலத்தைக் கொண்டுவந்து என் மேசைமேல் போட்டாள். "இதைத் தின்னா எங்க வீட்டாளுக்கு மூஞ்சியெல்லாம் செவக்கு, தல பொளக்கு, நெஞ்சு படபடன்னு அடிக்கி. ஒங்க மருந்தும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

பாதியில் விட்டால் நோய் திரும்பி வரும். வந்தால் அதே மாத்திரைக்கு அடங்காமலும் போகலாம். வீட்டில் கைக்குழந்தை வேறு. வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். "புருசன நீயே குழிக்குள்ள தள்ளுத" என்றுகூடச் சொன்னேன். அவள் பொட்டலத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அண்ணாச்சி ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே மாத்திரையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். செல்வி கண்முன்னால் தானும் தின்று காட்டப்போகிறாராம்! மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். முதல் இரண்டு நாள் அவள் வீட்டில் சாளை மீன் குழம்பு. மாத்திரையைப் போட்டார், சாப்பிட்டார், ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் சூரை மீன் குழம்பு. அரை மணி நேரத்தில் அவர் முகம் காதுவரை சிவந்து, தலையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "இப்பப் பாத்தியளா!" என்றாள் செல்வி. எட்டிப் பார்த்த தெருக்காரர்கள் இனி மாத்திரையைத் தொடுவார்களா? ஆனால் அந்தத் தலைவலியிலும் அவர் கேட்டார்: "ஏளா, இதே கொழம்ப நீயும்தான தின்ன. ஒனக்கு ஒண்ணும் செய்யலியே?" மாத்திரையை நிறுத்தியிருந்த சவேரிக்கும் ஒன்றும் செய்யவில்லை.

அவர் திரும்பி வந்து சொன்னதும் டாக்டர் புத்தகத்தைப் புரட்டி விளக்கினார். பிடித்த சூரை வெயிலில் கிடந்தால் அதன் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். வாடையும் வராது, கொதிக்கவைத்தாலும் போகாது. கொஞ்சமாக இருந்தால் நம் குடலில் இருக்கும் ஒரு நொதியே அதை உடைத்துப்போட்டுவிடும். கிருமியை அடக்குகிற எங்கள் மாத்திரை, அந்த நொதியின் கையையும் சேர்த்துக் கட்டிவிடுகிறது. உடைபடாத ஹிஸ்டமின் ரத்தத்தில் கலந்து இத்தனை பாடு படுத்துகிறது.

சூரை ஏன் வெயிலில் கிடந்தது? நோயில் கிடக்கும் கூட்டாளிக்கென்று, வள்ளம் கரையேறியதும் கூடத் தொழிலுக்குப் போகிறவர்கள் நல்ல மீனாக ஒன்றை எடுத்து முதலில் ஒதுக்கிவைப்பார்கள். ஏலம் முடிந்து, வலை அலசி, எல்லா வேலையும் ஓய்ந்த பிறகுதான் அது சவேரி வீட்டுக்குப் போகும். "அவங்ககிட்டப் போயிச் சொல்லுங்க, அவங்க மேலதான் தப்பு" என்று நான் குதித்தேன். அண்ணாச்சி வேண்டாமென்று தலையை ஆட்டினார். "பாசமா ஒதுக்குத மீனு சிஸ்டர். கொற சொன்னா மனசு விட்டுப்போவும். தின்னச் சொன்னது நாந்தான?"

அடுத்த ஞாயிறு புன்னைக்காயலில் பூசை முடிந்து வந்தவர்களிடம் கோயில் வாசலில் நின்று சொன்னார்: "நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன். மாத்திர திங்குதவுக சூர, அயில, மாசிக் கருவாடு எதையும் தொடாதிய. மத்த மீனு புதுசா வந்தாத் தின்னுங்க." பிறகு செல்வி வீட்டுக்குப் போய் அதையே அவளிடம் தனியாகவும் சொன்னார். பொட்டலத்தை அவள் திரும்ப வாங்கிக்கொண்டாள். சவேரி ஒரு வேளை விடாமல் தின்று முடித்துக் கடலுக்குப் போனார்.

அடக்கத்தன்று அண்ணாச்சியின் பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் சவேரியும் ஒருவர். கல்லறைத் தோட்டத்தில் செல்வி பக்கத்தில் போய் நின்றேன். எந்த நோயாளியிடமும், எந்த நோயாளியின் வீட்டாரிடமும் நான் இதுவரை சொல்லாததைச் சொன்னேன்: "அன்னைக்கு நான் ஒன்னப் பேசுனது தப்பு செல்வி."

"அதெல்லாம் எதுக்கு இப்ப" என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஆமா சிஸ்டர், தப்புதான்" என்றாள்.

அண்ணாச்சியிடமிருந்து எனக்குக் கிடைத்தது, என் தப்பை நானே சொல்கிற இந்த ஒன்றுதான். அவர் இருக்கும்போது வாங்கிக்கொள்ள எனக்குத் துணிச்சல் வரவில்லை.