பதிகமும் தொடையெலும்பும்

ஆனி மாதத்தில் ஒரு காலை, தாமிரபரணியில் நீராடிக் கரையேறும்போது பாசி படிந்த படியில் வழுக்கி விழுந்தேன். வலது தொடையெலும்பு இரண்டாக முறிந்தது. வண்ணார்பேட்டை மருத்துவமனையில் அறுவை செய்து, தகடும் திருகுகளும் வைத்து அனுப்பினார்கள். எழுபத்திரண்டு வயதில் எலும்பு சேர நாளாகும் என்றார் மருத்துவர். மூன்றாம் மாதம், வாக்கரைப் பிடித்துக்கொண்டு, வலக்காலில் பாதிப் பாரம் மட்டும் ஊன்றி, ஒருவேளைக்கு ஐந்து நிமிடம் நிற்கலாம் என்று அனுமதி கிடைத்தது.

அந்த ஐந்து நிமிடத்தை எங்கே செலவிடுவது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. பூசை அறையின் முன் நின்றேன். ஐம்பது ஆண்டுகளாகக் காலையில் ஒரு பதிகத்தை நின்றபடியே பாடி வந்தவன். பதினொரு பாடல், தொடங்கினால் இறுதிப் பாடலான கடைக்காப்பு வரை பாடி முடிக்க வேண்டும், நடுவில் விடலாகாது என்பது நான் கற்ற முறை. ஐந்து நிமிடம் நான்காம் பாடலிலேயே தீர்ந்துபோயிற்று. நான் உட்காரவில்லை. ஏழாம் பாடலில் தொடை எரிந்தது. அதையும் அருளென்றே எண்ணினேன். மறுநாளும், அதற்கடுத்த நாளும் அப்படியே.

நான்காம் நாள் கால் வீங்கிற்று. படமெடுத்துப் பார்த்ததில் ஒரு திருகு சற்றே நகர்ந்திருந்தது. "ஆறு வாரம் காலைத் தரையில ஊணவே கூடாது. அப்பவும் எலும்பு பிடிக்கலைன்னா மறுபடி ஆபரேஷன்தான்" என்றார் மருத்துவர்.

வீட்டுக்கு வந்து காலுக்குப் பயிற்சி தரும் பெண் கடற்கரை ஊரைச் சேர்ந்த கத்தோலிக்கப் பெண். நடந்ததைக் கேட்டுச் சிரித்துவிட்டாள்.

"எங்கம்மாவும் ஜெபமாலையைப் பாதியில விடமாட்டாவ, அய்யா. ஆனா உட்கார்ந்துல்லா சொல்லுதாவ!"

"சாமி முன்னால உட்கார்ந்து பாடி எனக்குப் பழக்கமில்லம்மா."

"சாமி பொறுத்துக்கிடுவாரு. எலும்பு பொறுக்காது. பைய எந்திரிக்கலாம்."

உட்கார்ந்தால் வேறொரு சங்கடம். நீட்டிய கால் நேரே சுவாமியை நோக்கியது. என் மனைவி நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டு, "இப்ப கால் அடுக்களையப் பார்த்து இருக்கு. நான் கோவிச்சுக்கிட மாட்டேன், பாடுங்க" என்றாள்.

பணிவென்று நான் நினைத்திருந்ததில் எவ்வளவு பிடிவாதம் கலந்திருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. அன்று முதல், நடுவில் விடலாகாது என்ற முறையையும் விட்டு, நாளுக்கு ஒரு பாடல் மட்டும் பாடினேன். பதிகம் முடியப் பதினொரு நாள். ஒரு பாடலோடு பகல் முழுதும் இருந்ததில், ஐம்பதாண்டு பாடியும் என் காதில் விழாதிருந்த சொற்கள் கேட்டன. ஆனாலும் மறு அறுவையை நினைத்து, ஆறு வாரத்தில் எத்தனை நாள் மிச்சம் என்று தினமும் எண்ணினேன், அதை மறைப்பதற்கில்லை.

ஆறாம் வார முடிவில் மருத்துவர் புதிய படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். முறிவின் இடையே வெண்பஞ்சுபோல் ஏதோ படர்ந்திருந்தது.

"பிடிக்க ஆரம்பிச்சிருக்கு. ஆபரேஷன் வேண்டாம். ஆனா நிக்கிறதுக்கு இன்னும் ஒரு மாசம் போகட்டும்."

"போகட்டும்" என்றேன்.

"ஒரு மாசமான்னு டாக்டர்ட்ட சண்டைக்குப் போவீகன்னுல்லா நெனச்சேன்" என்றாள் மனைவி, ஆட்டோவின் அருகில் வந்ததும். வலக்காலை உள்ளே தூக்கி வைக்க அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.