ஸ்டெல்லா அக்காவின் ஜன்னலில்லாத அறை

ஸ்டெல்லா அக்கா இறந்த செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்தது. மகளுக்கு இட்லியைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். அக்காவின் தம்பி சேவியர் அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார். "சுகந்தி, அக்கா போயிருச்சும்மா" என்றார். ஏதோ கடைக்குப் போனவரைப் பற்றிச் சொன்னதுபோல "சரிண்ணே" என்று சொல்லி வைத்துவிட்டேன். மீதி இட்லியையும் ஊட்டினேன். மகளின் வாயைத் துடைத்துவிட்டேன். அதன் பிறகுதான் அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டு, என்ன சொன்னார் என்று கேட்டேன்.

பெயிண்ட் உதிர்ந்த மாடல் கார்களை எங்களுக்கு அனுப்பி, புதிதாக்கி வாங்கிக்கொண்ட இந்த இணையக் குழுவில் பலர் அவரை நேரில் பார்த்ததில்லை. பார்சல் மேல் நீல மையில் சாய்ந்து கிடக்கும் எழுத்து அவருடையது. வயது நாற்பத்தொன்று. நாகல் நகரில் ஒரே வீட்டில் மாடியில் அவரும் தம்பியும், கீழே நாங்கள். அவருடைய அப்பா கார்களுக்குப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்கும் ஷெட் வைத்திருந்தவர். "அப்பா பெரிய காருக்குப் பாத்தாரு. நான் கைக்குள்ள அடங்குற காருக்குப் பாக்குறேன். அம்புட்டுதான் வித்தியாசம்" என்பார். பிரசவத்துக்காக வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்த என்னைக் கூட்டுச் சேர்த்ததும் அவர்தான். "சும்மா ஒக்காந்து கவலப்படுறதுக்கு, தேய்ச்சுக்கிட்டே கவலப்படு" என்றார்.

பழைய பெயிண்டை உரித்து, காரின் மேல்கூடான பாடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, நிறத்துக்கு முன் அடிக்கும் சாம்பல் நிறப் பிரைமர் பூச்சை அடிப்பது அவர் வேலை. காய்ந்த பிரைமரைத் தண்ணீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்ப்பது என் வேலை. கண்ணுக்குத் தெரியாத கீறலெல்லாம் பிரைமர் அடித்ததும் எழுந்து நிற்கும். எனக்குச் சலிப்பாக இருக்கும். அவருக்கு அதுதான் சந்தோஷம். "இப்பத் தெரியிறது நல்லதுப்பா. செவப்பு அடிச்சப்புறம் தெரிஞ்சா அழுகதான்" என்பார். மறுபடி தேய்ப்பு, மறுபடி பிரைமர்.

ஒருநாள் நான் கொடுத்த பாடியில் அவர் பிரைமர் அடித்ததும் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி அடித்தார். மறுபடியும் குழி. என் கையைப் பிடித்து மோந்து பார்த்தார். மகளுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்த கையோடு நேராக வந்து காரைத் தொட்டிருக்கிறேன். "ஏ சுகந்தி, காருக்கும் எண்ண தேச்சுக் குளிப்பாட்டிட்டியா? சாம்பிராணி போடலயா?" என்று கேட்டுவிட்டு, படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். திட்டவே இல்லை. அன்றிலிருந்து மாடிக் குழாயடியில் எனக்கென்று ஒரு சோப்பு வைத்தார்.

வத்தலக்குண்டிலிருந்து ஒரு டிரைவர் வந்ததைச் சொல்ல வேண்டும். கொடைக்கானல் மலைப்பாதையில் ஓட்டி, பிறகு விற்றுவிட்ட தன் ஜீப்பின் நிறத்திலேயே ஒரு சின்ன ஜீப் கேட்டிருந்தார். வாங்கிப் போக அவர் வந்த நாளிலும் அது சாம்பல் நிறத்திலேயே நின்றது. பானெட்டில் ஒரு மயிரிழைக் கோடு. நான்காவது முறையாகத் தேய்த்துக்கொண்டிருந்தோம். டிரைவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருக்கட்டும்மா. என் ஜீப்புலயே இத விடப் பெரிய கோடு இருந்துச்சு" என்றார். அக்கா அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "அது உங்க கோடுண்ணே. இது எங்க கோடு. இருக்காது. அடுத்த வாரம் வாங்க." மனிதர் தலையில் அடித்துக்கொண்டு பஸ் ஏறினார். அடுத்த வாரம் வந்து, ஜீப்பைச் சட்டைப் பையில் வைத்து மேலே கையால் பொத்திக்கொண்டு போனார்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் இது ஒரு நல்ல அஞ்சலியாக இருந்திருக்கும். ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது வேறொன்றைச் சொல்ல.

அக்கா பிரைமர் அடித்தது மொட்டைமாடியில். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிரைப்பு உண்டு. நான் வேதியியல் படித்தவள். பிரைமர் டப்பாவின் பின்னால் 'காற்றோட்டமான இடத்தில் மட்டும் பயன்படுத்தவும்' என்று பொடி எழுத்தில் இருந்ததை அவருக்கு வாசித்துக் காட்டியதே நான்தான். "மொட்டமாடிய விடக் காத்தோட்டம் எங்கப்பா இருக்கு?" என்று கேட்டார்.

என் மகளுக்கு ஒன்றரை வயதில் மூச்சு இழுத்தது. நெஞ்சுக்கூடு உள்ளே போய் வருவதைப் பார்த்தவர்களுக்கு என் நிலை புரியும். டாக்டர், "வீட்டுப் பக்கத்துல புகை, பெயிண்ட் வாடை ஏதாவது உண்டா?" என்றுதான் கேட்டார். ஆட்டோவிலிருந்து இறங்கிக் குழந்தையோடு நேராக மாடிக்கு ஏறினேன். "மாடியில அடிக்காதீங்கக்கா. வாடை கீழ எறங்குது. உள்ள வச்சு அடிங்க" என்று கத்தினேன். அவர் குழந்தையைப் பார்த்தார். "சரிப்பா" என்றார்.

அவர் வீட்டில் சாமான் போட்டுவைக்கும் அறை ஒன்று உண்டு. ஜன்னல் கிடையாது. மறுநாளிலிருந்து அங்கேதான் அடித்தார். வாடை வெளியே வராமலிருக்கக் கதவின் கீழ் இடுக்கில் ஈரத் துண்டைச் சுருட்டித் திணித்திருந்தார். தேய்த்த பாடிகளைக் கொடுக்கப் போனபோது அந்தத் துண்டைப் பார்த்தேன். எனக்கு அப்போது தோன்றியது நிம்மதி. கதவுக்கு அந்தப் பக்கம் யார் மூச்சுவிடுகிறார் என்று நான் நினைக்கவில்லை.

அதன் பிறகும் இரண்டு மாதம் மகளுக்கு மூச்சு இழுத்தது. வேறொரு டாக்டரிடம் போனோம். அவர் கொசுவத்தியை நிறுத்தச் சொன்னார். நிறுத்திய ஒரே வாரத்தில் இழுப்பு நின்றது. அதாவது, மாடியில் அடித்த பிரைமருக்கும் என் குழந்தைக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் மாடியேறிப் போய், "அக்கா, கொசுவத்திதான் காரணமாம். நீங்க வெளியிலயே அடிங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். பதினான்கு படிகள். சொல்லவில்லை. எதற்கும் கொசுவத்தி, பெயிண்ட் வாடை இரண்டுமே இல்லாமல் இருக்கட்டுமே என்று நினைத்தேன். பத்து மாதம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூச்சுத் திணறி அக்காவைச் சேர்த்தபோது, ஆஸ்பத்திரியில் சேவியர் அண்ணனிடம் அவர் வேலையைப் பற்றிக் கேட்டார்களாம். அறையில் ஜன்னல் உண்டா என்றும் கேட்டார்களாம். அதனால்தான் இப்படி ஆனது என்று டாக்டர் சொல்லவில்லை. அதனால் இல்லை என்றும் சொல்லவில்லை. இனி யாரும் எனக்குச் சொல்லப்போவதில்லை.

மீதியிருக்கும் ஆறு பாடிகளை நானே முடித்துக் கொடுக்கும்படி நீங்கள் கேட்டிருந்தீர்கள். அக்காவுக்குச் செய்யும் மரியாதை அது என்று ஒருவர் எழுதியிருந்தார். என்னால் முடியாது. சாம்பல் நிறத்திலேயே திருப்பி அனுப்புகிறேன். மன்னியுங்கள்.

இறப்பதற்கு முந்தின நாள் அவரைப் பார்க்கப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்றுதான் போனேன். மூக்கிலும் வாயிலும் ஆக்சிஜன் மாஸ்க். என்னைப் பார்த்ததும் அதை லேசாக விலக்கினார். "பாப்பாவுக்கு இப்ப இழுக்குறதில்லையே?" என்று கேட்டார்.

"இல்லக்கா."

"அப்பச் சரி" என்றார். முகத்தில் அவ்வளவு திருப்தி. தான் உள்ளே போனதால்தான் என் குழந்தை பிழைத்தது என்று நம்பியிருந்தார். நர்ஸ் வந்து மாஸ்க்கைச் சரிசெய்து, "பேசக் கூடாதும்மா" என்றாள். நானும் பேசவில்லை.

நீங்கள் எல்லோரும் அவர் செய்த கார்களை வைத்திருக்கிறீர்கள். என்னிடம் இருப்பது அந்த "அப்பச் சரி". ஒரு பொய்யை நம்பி அவர் எனக்குக் கொடுத்தது. திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை.