வேப்பிலை கட்டின ஆட்டோ

நான் சொல்லச் சொல்ல என் தங்கச்சி எழுதிகினு வரா. ரெண்டாங்கிளாஸ்லயே எனக்குப் படிப்பு அலுத்துடுச்சு. படிப்புக்கும் என்னைக் கண்டா அலுத்துடுச்சு.

என் பொண்ணு செல்விக்கு டவுன் சிண்ட்ரோம் (கருவுலயே உடம்போட நூல்ல ஒரு இழை அதிகமா விழுந்து, புள்ள மெதுவா வளர்றது). உங்க வூட்லயும் அப்படி ஒரு புள்ள கீதுன்னா, இது உங்களுக்குத்தான்.

ஒரு காத்தால, காது பின்னாடி, மூஞ்சியெல்லாம் செவப்பா பூத்துப்போய் எழுந்தா. உடம்பு கொதிக்குது. தட்டம்மை.

"தடுப்பூசி போட்டோமே!"ன்னு கத்தினேன், ஊசிக்கு நான் கேரண்டி வாங்கின மாதிரி.

என் பொண்டாட்டி காஞ்சனா வாசல்ல வேப்பிலை சொருவிட்டா. எங்க சேலையூர்ல அம்மைன்னா அம்மனே வந்துட்டான்னு அர்த்தம். தலைக்குத் தண்ணி ஊத்தற வரைக்கும் புள்ளைய வாசப்படி தாண்ட வுடமாட்டாங்க. பேச்சு கொறஞ்சி, வூடே ஏதோ தண்ணிக்கு அடியில கீற மாதிரி ஆயிடுச்சு.

அப்புறம் செல்வி மூச்சு மாறிச்சு. மூச்சு இழுக்கறப்போ விலா எலும்பு நடுவுல குழி விழுது.

"காஞ்சனா, ஆஸ்பத்திரி போலாம்."

"அம்மன் வூட்ல கீறா. புள்ளைய வெளிய தூக்கினா கோவிச்சிக்குவா."

"வூடே கூட வந்தா?"

"இன்னாய்யா ஒளர்ற?"

வாயால அவளை நான் ஜெயிச்சதே இல்ல. நான் ஓட்டற ஆட்டோவச் சுத்தி வேப்பிலை கட்டினேன். சீட்டுல அவ புடவைய விரிச்சேன். மஞ்சத்தண்ணி தெளிச்சேன்.

"ஏறு. இதான் வூடு. அட்ரஸ் மட்டும் நகரும்."

என்னைப் பாத்தா. புள்ள நெஞ்சப் பாத்தா. ஏறிட்டா.

தாம்பரத்துல ரயில்வே கேட் மூடிக் கெடந்துது. கரண்ட் ரயில் போன காத்துல வேப்பிலையெல்லாம் சலசலன்னு ஆடுது. ஹாரன் சத்தம் எங்கியோ தூரத்துல கேக்குது. நாங்க மூணு பேரும் ஒரு மரத்துக்குள்ள ஒக்காந்துகினு கீற மாதிரி இருந்துச்சு. செல்வி மூச்சு மட்டும் கர்ரு கர்ருன்னு பக்கத்துல.

ஆஸ்பத்திரில டாக்டரம்மா செல்வி நெஞ்சுல குழாய் வெச்சிக் கேட்டாங்க. "நிமோனியா (நுரையீரல்ல கிருமி சேர்ந்து மூச்சு முட்டறது). நல்லவேளை, வந்துட்டீங்க."

"ஊசி போட்டும் வந்துச்சே?"

"சில சமயம் யாருக்கு வேணும்னாலும் வரும். ஊசி உடம்புக்குப் பாடம் சொல்லித் தருது. இந்த மாதிரிக் குழந்தைங்கள்ல சில பேருக்கு அது கொஞ்சம் கம்மியா பதியும். அதுக்காக ஊசிய நிறுத்திடாதீங்க, பதிஞ்ச வரைக்கும் லாபம்தான். ஜுரம் வந்தா வீட்ல வச்சுப் பாக்காம உடனே வாங்க."

"பாடம் பதியலையா? அப்போ சந்தேகமே இல்ல டாக்டர், என் பொண்ணுதான்."

காஞ்சனா அழுதுகினே சிரிச்சா.

ஆக்சிஜன், ஊசி, தூக்கம். எது பகல், எது ராத்திரின்னு புரியல. அவ நெஞ்சு மேல கைய வெச்சிகினே ஒக்காந்திருந்தேன். ஒருநாள் செல்வி கண்ணத் தொறந்து என் மூக்கப் புடிச்சி இழுத்தா.

வூட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணி ஊத்தினோம். காஞ்சனா மீதிக் குடத்தோட ஆட்டோகிட்ட போனா. "அம்மன் இதுலயும்தானே தங்கினா?"ன்னு மேல ஊத்திட்டா. மஞ்சத்தண்ணி இஞ்சின்ல எறங்கி வண்டி படுத்துக்கிச்சு. செல்வி கை தட்டினா.

இப்ப சவாரி போறச்சேயும் என் உள்ளங்கையில அவ நெஞ்சு ஏறி எறங்கிகினே கீது. அந்த வேகத்துக்குத்தான் வண்டியும் போவுது. "இன்னாப்பா, மாட்டு வண்டியா?"ன்னு பின்னாடி கேக்கறாங்க. கேட் மூடினா எல்லாரும் பேஜாராவறாங்க. நான் இஞ்சின ஆஃப் பண்ணிட்டு, நல்லா ஒரு மூச்சு இழுத்து வுடறேன்.